மாமியாருக்காகப் போட்ட கையெழுத்து

"வாய்வுப் பிடிப்புதான் தாயி. ஓமத்திரவம் ரெண்டு மூடி குடிச்சிருக்கேன், சரியாப் போயிரும்."

என் மாமியார் இப்படிச் சொன்னபோது நானும் நம்பிவிட்டேன். மதுரையிலிருந்து வரும்போது பெட்டியில் ஓமத்திரவமும் சுக்குப்பொடியும் கொண்டுவந்தவர் ஆயிற்றே! அந்த வலி வாய்வு இல்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அத்தை ஏன் பொய் சொன்னார் என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. அதற்கு நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது இப்போது நம் வீடுகளில் சர்வசாதாரணம். போகிற பெரியவர்களுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறோம், ஸ்வெட்டர் வாங்கிக் கொடுக்கிறோம். அங்கே உடம்புக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் யாராவது இரண்டு பேருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் 2016 மார்ச் முதல் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். என் கணவருக்கு இன்ஜினீயர் வேலை. நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஜெர்மன் மொழி எனக்கு இங்கே வந்து மாலை வகுப்பில் கற்றுக்கொண்டதுதான். இப்போதும் இலக்கணம் உதைக்கும். ஆனாலும் கடைக்காரரோடும், பள்ளிக்கூட டீச்சரோடும், ஆபீஸ் குமாஸ்தாவோடும் பேசி ஜெயிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இந்த ஊரில் காகிதம் இல்லாமல் மனிதன் இல்லை. புது வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரர் "ஆமாம், இவர்கள் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் பதிவார்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்போது ஊரில் இல்லை. அந்தத் தாள் ஒன்றுக்காகப் பாங்கு கணக்கும் வரி நம்பரும் காத்துக்கொண்டு நின்றன. பெயர் பதிந்ததுதான் தாமதம், தபால் பெட்டி நிறைய ஆரம்பித்தது! முதலில் வந்தது ரேடியோ, டி.வி. கட்டணம். "எங்க வீட்டில் டி.வி.யே இல்லையே" என்றேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டாம். 2021-லிருந்து அது மாதம் 18.36 யூரோ.

வருகிற கடிதங்களையெல்லாம் கோத்து வைக்க 'ஓர்ட்னர்' என்று கனமான ஃபைல் விற்கிறார்கள். உள்ளே இரும்பு வளையம், அதைத் திறக்க ஒரு நெம்புகோல். நான்கு வருஷத்தில் எங்கள் வீட்டில் ஐந்து சேர்ந்துவிட்டன. வேறு இடமில்லாமல் சமையலறை அலமாரியில் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிற்பாடு அந்த ஃபைல்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

வைத்திய விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே வேலை பார்க்கிறவரின் குடும்பத்துக்குக் குறையே வைப்பதில்லை. 'கிராங்கன்காஸே' என்ற சுகாதாரக் காப்பு நிதிக்குச் சம்பளத்தில் 14.6 சதவீதமும் அதற்கு மேல் கொஞ்சமும் போகிறது. அதில் பாதியைக் கம்பெனி கட்டுகிறது. சம்பாதிக்காத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு கார்டு. என் மகன் 2017-ல் இங்கேதான் பிறந்தான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு யூரோகூட வாங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் தினமும் ஒரு மருத்துவச்சி வந்து குழந்தையை எடை போட்டு, தொப்புளைப் பார்த்து, பால் கொடுக்கச் சொல்லிக் கொடுத்து, என் தையலையும் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் செலவும் காப்பு நிதியுடையதுதான். அவர்களை 'ஹேபம்மே' என்பார்கள். பெயரிலேயே அம்மா இருக்கிறதே என்று அத்தை போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டார். ஆனால் மருத்துவச்சிகளுக்கு இங்கே பஞ்சம். கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே சொல்லி வைக்க வேண்டும். ஆறாம் மாதம் தேடினால் "இடமில்லை" என்பார்கள்.

மருந்துக் கடையில் மருந்து விலையில் பத்தில் ஒரு பங்கு நாம் கொடுக்க வேண்டும். குறைந்தது 5, அதிகபட்சம் 10 யூரோ. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருஷத்துக்கு 28 நாள் வரைதான். இப்படிக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து வீட்டு வருமானத்தில் இரண்டு சதவீதத்தைத் தாண்டினால், மேற்கொண்டு கொடுக்க வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை மாதிரி நீடித்த வியாதிக்காரர்களுக்கு ஒரு சதவீதம். அதற்கு ரசீதுகள் வேண்டும்! அதனால் மருந்துக் கடை ரசீதைக்கூட நான் தூக்கி எறிவதில்லை.

இவ்வளவு பெரிய குடையில் மனைவிக்கு இடமுண்டு, பிள்ளைகளுக்கு இடமுண்டு, பெற்ற தாய்க்கு இடமில்லை. நம் ஊரில் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் அப்பா, அம்மாவைச் சேர்ப்பதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நடக்காது.

மாமனார் காலமான பிறகு அத்தையை ஒரு மாற்றத்துக்கு அழைத்துவர ஆசைப்பட்டோம். 2023 ஆரம்பத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேட்டு எழுதி, ஆறு வாரம் காத்திருந்தோம். என் கணவர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அங்கே போடவேண்டிய பத்திரத்துக்கு 'ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்' என்று பெயர். அடேயப்பா, பெட்டி பெட்டியாகக் கோத்த கூட்ஸ் வண்டி மாதிரி ஒரு வார்த்தை! பொறுப்பேற்புப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 29 யூரோ. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தாளை எங்கள் பக்கம் திருப்பி, நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். வருகிறவருடைய தங்கும் செலவு, சாப்பாடு, நோய் வந்தால் வைத்தியம், பராமரிப்பு எல்லாம் அழைக்கிறவரைச் சேரும். அரசாங்கம் செலவழிக்க நேர்ந்தால் அதைச் சம்பளத்திலிருந்துகூடப் பிடித்துக்கொள்ளலாம். என் கணவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் வேர்வை. பிப்ரவரி மாதம், வெளியே பனி!

அதோடு விசாவுக்கு இன்ஷூரன்ஸும் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ வரை ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்குகிறதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தேடி, விலை குறைவாக இருந்த ஒன்றை வாங்கினோம். விசா கிடைக்க அது போதும் என்பதுதான் எங்கள் கணக்கு. அதன் நிபந்தனைகள் இருபத்து நாலு பக்கம். அதை யார் படித்தது?

மே மாதம் அத்தை வந்தார். வயது 68. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை. தொண்ணூறு நாளுக்கான மாத்திரையைக் கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார். வந்த மறுநாளே பால்கனியில் கொத்தமல்லி விதைத்துவிட்டார். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது பேரன் தும்மினான். "டாக்டர் கிட்டே காட்டக் கூடாதா?" என்று அத்தை கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "அவனுக்குக் கார்டு இருக்கு அத்தை. நீங்க தும்முனாத்தான் கஷ்டம். ஒரு தும்மலுக்கு நூறு யூரோ, உங்க மகன் கையெழுத்துப் போட்டிருக்காக" என்றேன். அவரும் சிரித்தார். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை.

ஜூன் மாதம் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டே நடந்தார். கேட்டால் வாய்வு. சனிக்கிழமையும் வாய்வு. வெந்நீர்த் துண்டை நான் பார்க்காத நேரம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாராம், இதைப் பிறகு என் மகள்தான் சொன்னாள். ஞாயிறு விடிகாலை இரண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், அத்தை இரண்டு கம்பளிக்குள்ளே கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருக்கிறார். உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

எதிர்க் கட்டடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே அகதிகளாக வந்த எத்தனையோ ஈழத்துக் குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. முப்பது வருஷமாக முதியோர் இல்லத்தில் வேலை. போன் அடித்ததும் வீட்டு உடுப்போடு ஓடி வந்தார். அத்தையின் கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். தொட்டதும் அத்தை 'அம்மா' என்று கத்திவிட்டார்.

"தங்கச்சி, இது வாய்வு இல்லை. உடனை 112க்கு அடியும்."

அப்போதுதான் அத்தை என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி வேணாம்யா. ஊருக்குப் போயிப் பாத்துக்கிடலாம். நீ கையெழுத்துப் போட்டுருக்கியே ராசா…"

எனக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. இரண்டு நாளாக வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தது என் நூறு யூரோ பேச்சுக்குப் பயந்துதான்.

112 இங்கே ஆம்புலன்ஸுக்கு. உயிர்போகிற அவசரமில்லை, ஆனால் டாக்டர் கிளினிக் மூடிய நேரம் என்றால் 116117 என்று வேறொரு எண். இரண்டையும் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பித்தப்பையில் கல், அதனால் பை வீங்கிச் சீழ் பிடிக்கிற நிலை. ஒரு நாளைக்குள் ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார் டாக்டர். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு இந்த வலி உள்ளதைவிடக் குறைவாகவே தெரியலாம், அதனால் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு என்றும் சொன்னார். நம் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி, அது முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ போவது, கூடவே குளிர்காய்ச்சல் என்றால் ஓமத்திரவத்தோடு நிற்காதீர்கள். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

சேர்க்கிற இடத்தில் ஒரு கற்றைக் காகிதம் வந்தது. என் கணவர் அந்த நிலைமையில் எதையும் படிக்கவில்லை, வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். ஒரு தாளில் பேனா வைக்கும்போது அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, பொறும். இதுக்குக் கையெழுத்து வைக்காதையும்."

அது 'வால்லைஸ்டுங்' பத்திரம். பெரிய டாக்டரே நேரில் பார்ப்பார், இரண்டு பேர் மட்டும் இருக்கிற அறை கிடைக்கும். அதற்கெல்லாம் தனியாக பில் வரும். அந்தக் கட்டணத்தைச் சட்டப்படி ஒரு பட்டியலின்படி போட்டு, 2.3 மடங்கு, 3.5 மடங்கு என்று பெருக்கிக்கொள்ளலாம். விருந்தாளி இன்ஷூரன்ஸ் அதைத் தொடாது. "அம்மாவைப் பெரிய டாக்டரே பார்க்கட்டுமே" என்றார் என் கணவர், கண் கலங்க. "ஆர் பார்த்தாலும் அதே ஆபரேஷன்தான் தம்பி. இஞ்ச எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் செய்வினம்" என்றார் அக்கா. பெயரிலேயே வால் இருக்கிற அந்தத் தாளுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் பில்லின் வால் எவ்வளவு நீண்டிருக்குமோ!

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. சின்னச் சின்னதாக நாலு ஓட்டை, அவ்வளவுதான். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். நர்ஸுகள் தங்கமானவர்கள். பாஷை தெரியாத அத்தையோடு கையாலேயே பேசிச் சிரித்தார்கள். சாப்பாடுதான் சங்கடம். சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆறிப்போன ரொட்டியும் பாலாடைக்கட்டித் துண்டும் வந்துவிடும். "இதை ராத்திரிச் சாப்பாடுங்கறாகளே, பொழுதே சாயலியே தாயி" என்பார் அத்தை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாம் நாளிலிருந்து பிளாஸ்கில் மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் வாசம் பிடித்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். ஒரு கப் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாளும் சரியாக அதே நேரத்துக்கு வந்து நின்றார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஞாயிறு காலையிலேயே போன் செய்திருந்தோம். செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று கம்பெனி நேராக ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் அனுப்பினால் நம் கையில் காசு கேட்க மாட்டார்கள். 'கோஸ்டன்யூபர்னாமே' என்று அதற்குப் பெயர். கம்பெனி ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு, "பழைய வைத்தியக் காகிதங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம்" என்றது. அதனால் ஆஸ்பத்திரி எங்களிடம் 2,000 யூரோ முன்பணம் கேட்டது. கட்டினோம். முழு பில் பிறகு தபாலில் வந்தது. 5,800 யூரோ. நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். ஆம்புலன்ஸுக்கு வேறு 700 யூரோவுக்கு மேல். இதே ஆபரேஷன் எனக்கு நடந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு 50, ஆம்புலன்ஸுக்கு 10. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே ஆஸ்பத்திரி!

பழைய காகிதங்களை மதுரையிலிருந்து என் கொழுந்தனார் போனில் படம் பிடித்து அனுப்பினார். அதில் 2019-ல் எடுத்த ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். பித்தப்பையில் கல் இருப்பதாக அன்றைக்கே எழுதியிருந்தது. வலி எதுவும் இல்லை, விட்டுவிடலாம் என்று அந்த டாக்டர் சொன்னாராம். அத்தை அதை மறந்தே போய்விட்டார். என் கணவரின் சிநேகிதர் ஒருவர், "அந்த ஒரு தாளை மட்டும் அனுப்பாதீங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் தூங்கவில்லை. ஐந்து லட்ச ரூபாய் ஒரு தாளில் தொங்குகிறது. யோசிக்காமல் இருக்க நாங்கள் என்ன மகாத்மாக்களா? ஆனால் கம்பெனி இன்னொரு பாரமும் அனுப்பியிருந்தது. அவர்கள் நேராக மதுரை டாக்டர்களிடம் விசாரிக்கலாம் என்று அத்தை சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மறைத்து மாட்டிக்கொண்டால் எல்லாமே போகும். அத்தையே முடிவு சொன்னார். "இருக்கறதை இருக்குன்னு எழுதிருங்க. பொய் சொல்லிச் சேத்த காசு ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போயிரும்." நான் ஒன்றும் பேசவில்லை. வாய்வு என்று பொய் சொன்னவர்தானே என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அத்தை ஆகஸ்ட் முதல் வாரம் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தார். அவர் போன மூன்றாம் நாள் கம்பெனியின் கடிதம் வந்தது. 'ஏற்கனவே இருந்த நோய், ஆகவே பணம் தருவதற்கில்லை.' அதோடு ஆஸ்பத்திரியிலிருந்து 'மானுங்' என்கிற நினைவூட்டுக் கடிதம். இதைக் கண்டு பதுங்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். பதில் போடாமல் இருந்தால்தான் ஆபத்து, வட்டியும் வசூல் செலவும் ஏறும். நான் நேரே கணக்குப் பிரிவுக்குப் போய், "கம்பெனியோடு வழக்கு நடக்கிறது, மாதம் 300 யூரோ கட்டுகிறோம்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அந்த இருபத்து நாலு பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தினம் ஒரு மணி நேரம், அகராதியோடு. ஒன்பது நாள் ஆயிற்று. பதினோராம் பக்கத்தில் ஒரு சின்ன வாக்கியம். ஏற்கனவே இருக்கிற நோய்க்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டு, ஆனால் அது எதிர்பாராத விதமாகத் திடீரென்று மோசமாகி உயிருக்கு ஆபத்து வந்தால், அந்த அவசரச் சிகிச்சைக்கு உண்டு என்று போட்டிருந்தது! மூன்று தடவை படித்தேன். நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று அக்காவின் மகளிடம் காட்டினேன். இங்கேயே பிறந்து ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். "சரிதான் அன்ரி, நீங்கள் பிடிச்சிட்டீங்கள்!" என்று துள்ளினாள்.

நகரத்திலிருக்கும் நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்கு ஒரு கட்டணம் கட்டிப் போய்க் கேட்டோம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சான்றுக் கடிதம் வாங்கி, அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். டாக்டர் கடிதத்துக்கு மூன்று வாரம், இரண்டு நடை. இரண்டாவது நடையில் ரசம் குடித்த அந்த நர்ஸ்தான் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அந்த வாரமே எழுத வைத்தார். 2019-ல் தொந்தரவும் இல்லை, சிகிச்சையும் தேவைப்படவில்லை, இந்த வீக்கம் திடீரென்று வந்தது, தள்ளிப்போட்டிருந்தால் உயிருக்கு ஆபத்து என்று கடிதத்தில் இருந்தது. அக்காவின் மகள் எங்கள் கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தாள். அனுப்பிய தேதி, ரசீது, பிரதி எல்லாம் ஓர்ட்னரில்.

நவம்பரில் பணம் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் முழுசாக. அத்தை வீடு திரும்பிய பிறகு நடந்த இரண்டு பரிசோதனையும், சர்க்கரைக்குப் புதிதாக எழுதிய மருந்தும் சேர்ந்து 240 யூரோ மட்டும் எங்கள் தலையில். அது போகட்டும்.

இப்போது யாராவது அம்மா, அப்பாவை அழைக்கப்போகிறோம் என்று சொன்னால் நான் விடுவதில்லை. விலையைப் பார்த்து இன்ஷூரன்ஸ் வாங்காதீர்கள், பழைய நோய் திடீரென்று மோசமானால் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்பேன். ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவார்களா, முதல் இத்தனை யூரோ உன் பாடு என்று ஏதாவது நிபந்தனை உண்டா என்றும் கேட்க வேண்டும். கிளம்புமுன் ஊர் டாக்டரிடம் ஒரு தடவை முழுசாகக் காட்டி, என்னென்ன நோய், என்னென்ன மருந்து, மருந்தின் கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கிற சரக்கின் பெயர் என்று இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நம் ஊர்ப் பெயர் இங்கே மருந்துக் கடையில் செல்லாது. 2024 ஜனவரி முதல் எங்களுக்கு மருந்துச் சீட்டே கிடையாது, கார்டை நீட்டினால் போதும். விருந்தாளிக்கு இன்னும் நீலக் காகிதம்தான், முழு விலைதான்.

எல்லாவற்றையும்விட, இந்தக் கணக்கு வழக்கையெல்லாம் அவர்கள் காதில் போடாதீர்கள். பிள்ளைக்குச் செலவு என்று தெரிந்தால் நம் தாய்மார்கள் வலியை மென்று விழுங்கிவிடுவார்கள்.

வருகிற கோடையில் அத்தை மறுபடி வருகிறார். விசாக் கட்டணம் 2024-லிருந்து 90 யூரோ ஆகிவிட்டது. இந்தத் தடவை இன்ஷூரன்ஸ் நிபந்தனை முழுவதையும் நான் படித்துவிட்டுத்தான் என் கணவர் பணம் கட்டினார். நேற்று அத்தை போன் செய்தார். பெட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்டேன்.

"ரசப்பொடி ஒன்றரைக் கிலோ அரைச்சுட்டேன். அந்த நர்ஸம்மாவுக்குத் தனியா ஒரு பொட்டலம் கட்டியிருக்கேன். பேரு தெரியாது, 'மஞ்சள் முடிப் பிள்ளை'ன்னு எழுதியிருக்கு, பாத்துக் குடுத்துரு."

"ஓமத்திரவம்?" என்றேன்.

"அது ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும் தாயி" என்றார்.